மின்னஞ்சலுக்கு இரு பக்கச் சோதனை: தோட்டத்து ஆலயங்களும் பள்ளிச் சங்கங்களும் கவனிக்க வேண்டியவை

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. லயங்கள் போய்விட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் சிரம்பான், செனாவாங், நீலாய், பகாவ் என்று வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ரந்தாவ் கொம்போக், பகாவ் கெடிஸ், ஜெராம் பாடாங், போர்ட்டிக்சன் சுவா பெத்தோங், லாபு கிர்பி என்று தோட்டத்தின் பெயரை இன்னமும் சுமந்து நிற்பவை தமிழ்ப்பள்ளிகள்தாம். கூடவே அந்தந்தத் தோட்டத்து ஆலயங்கள். ஆலயக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஓடியாடி வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வேலை, இரவில் செயலாளர் பொறுப்பு.

அந்தச் செயலாளர் வீட்டில் முன்பெல்லாம் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். அதற்குள் கோப்புகள். இன்று அந்த அலமாரி ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆலய நிலம் தொடர்பாகத் தோட்ட நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கை, உறுப்பினர் பட்டியல், அடையாள அட்டை நகல்கள், மானிய விண்ணப்பம், கூரை மாற்றக் குத்தகையாளர் கொடுத்த விலைக்குறிப்பு என எல்லாம் அதில்தான். செயலாளர் மாறும்போது புதியவரிடம் கொடுப்பது ஒரு முகவரியும் ஒரு கடவுச்சொல்லும் மட்டுமே. நிலத்தின் மீது ஆலயத்துக்கு இருக்கும் உரிமையைக் காட்ட அந்தக் கடிதங்களைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஆலயங்களும் உண்டு. அந்தப் பெட்டி கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், மின்னஞ்சலை வைரஸ் தடுப்பு மென்பொருள் கொண்டு சோதிப்பது கோலாலம்பூர் அலுவலகங்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல என்பது புரியும்.

இதில் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று. "வருகிற மெயிலைச் சோதிப்பது சரி. நான் அனுப்புகிற மெயிலை எதற்குச் சோதிக்க வேண்டும்? என் கணினியில் இருந்துதானே போகிறது?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தோட்ட வாசலில் ஜாகாக்காரர் எதற்காக நிற்கிறார்? உள்ளே வருகிற வெளியாட்களை விசாரிப்பது அவர் வேலையில் பாதிதான். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வெளியே போகும்போது சீட்டைப் பார்ப்பதும், எத்தனை மணிக்கு எந்த லாரி போனது என்று புத்தகத்தில் எழுதுவதும் மீதிப் பாதி. சொல்லப்போனால் நிர்வாகம் அந்த இரண்டாவது பாதியில்தான் அதிகக் கண்டிப்புக் காட்டும். திருட்டுச் சரக்கு ஒரு தோட்டத்து லாரியில் போய்ப் பிடிபட்டால், கெட்டுப்போவது அந்தத் தோட்டத்தின் பெயர்.

மின்னஞ்சலிலும் அப்படியே. உள்ளே வருவதைச் சோதிப்பது உங்கள் கணினியைக் காக்கிறது. வெளியே போவதைச் சோதிப்பது, உங்கள் பெயரை நம்பிக் கடிதத்தைத் திறக்கிற தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி இலாகா அதிகாரியையும் உறுப்பினர்களையும் காக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கடிதத்தை நம்மவர்கள் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆலயச் செயலாளரிடமிருந்து வந்ததை யார் சந்தேகப்படுவார்? வைரஸ் எழுதுகிறவன் நம்பியிருப்பதும் இந்த நம்பிக்கையைத்தான்.

காதல் கடிதம் சொல்லும் பாடம்

இதற்கு உலகமறிந்த உதாரணம் நம் அண்டை நாட்டிலிருந்து கிளம்பியது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் பரவத் தொடங்கியது. தலைப்பு 'ஐ லவ் யூ'. உள்ளே ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருப்பதாகத் தோன்றும். கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோல் இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறப்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அது கணினிக்குக் கட்டளையிடும் நிரல். விண்டோஸ் கணினிகள் கோப்பின் கடைசி வாலை வழக்கமாக மறைத்துக் காட்டுவதால் பலருடைய கண்ணில் அது படவில்லை.

திறந்தவுடன் அது இரண்டு வேலைகளைச் செய்தது. கணினியில் இருந்த படக் கோப்புகள் போன்றவற்றை அழித்து, அவற்றின் இடத்தில் தன் நகலை வைத்தது. அடுத்து, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதத்தை, கணினியின் சொந்தக்காரர் பெயரிலேயே அனுப்பியது. சில நாட்களுக்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகளை அது தொட்டது. பல பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்னஞ்சல் சேவையையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அதை எழுதியவர் மீது பிலிப்பைன்ஸில் வழக்கு நிற்கவில்லை, காரணம் அப்போது அதற்கான சட்டமே அங்கு இல்லை. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்ததும் அதே 2000ஆம் ஆண்டில்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம் வந்த 'மெலிஸா' இன்னும் சாதுவாக, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்கு மட்டும் தன்னை அனுப்பிக்கொண்டது. அது வந்தது வேர்ட் ஆவணமாக. சங்கத்துக் கூட்டக் குறிப்புகளும் வேர்ட் ஆவணங்கள்தானே!

இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகுதான் வைரஸ் தடுப்பு மென்பொருள்களில், வெளியே போகும் அஞ்சலையும் சோதிக்கும் வசதி எல்லாரும் எதிர்பார்க்கும் ஒன்றாக மாறியது. ஒரு கணினி நிமிடத்துக்கு நூறு கடிதம் அனுப்புகிறது என்றால் அதை எழுதுவது மனிதர் அல்ல என்று மென்பொருளுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிறு விலகல். 2002ஆம் ஆண்டு வாக்கில் பரவிய 'கிளெஸ்' என்ற வைரஸ் இன்னொரு தந்திரம் செய்தது. பாதிக்கப்பட்ட கணினியில் கிடைத்த ஏதோ ஒரு முகவரியை எடுத்து, அனுப்புநர் இடத்தில் போட்டுக்கொண்டது. வைரஸ் இருந்தது ஒருவர் கணினியில், பழி விழுந்தது வேறொருவர் மீது. "உங்கள் மெயிலில் வைரஸ் வந்தது" என்று குழுக் கூட்டத்தில் ஒருவரை நிற்கவைத்துக் கேட்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது இன்றும் முடிகிற காரியம்தான்.

சோதனை எங்கே நடக்கிறது?

மின்னஞ்சலில் இணைக்கப்பட்ட கோப்பு, பயணம் செய்யும்போது கோப்பாகப் போவதில்லை. எழுத்துகளும் எண்களுமான ஒரு நீண்ட சரமாக மாற்றப்பட்டுப் போகிறது. (அதனால் அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 25 எம்பி என்று சொல்லும் பெட்டியில் 20 எம்பி கோப்பே சில நேரம் ஏறாமல் நிற்பது இதனால்தான்.) அந்த நிலையில் வைரஸ் எதுவும் செய்ய முடியாது, பொட்டலத்துக்குள் அடைபட்ட பாம்பு மாதிரி. நீங்கள் கோப்பைச் சேமித்து, திறந்து, ஓடவிடும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. ஆகவே சோதிப்பதற்கு மூன்று இடங்கள் கிடைக்கின்றன: அஞ்சல் சேவை நிறுவனத்தின் கணினி, உங்கள் கணினிக்குள் அஞ்சல் நுழையும் வழி, கோப்பு சேமிக்கப்படும் அல்லது திறக்கப்படும் நொடி.

முதல் இடத்தில் உங்கள் சார்பாக யாரோ ஏற்கெனவே வேலை செய்கிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜிமெயில். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கல்வி அமைச்சின் 'டெலிமா' தளம் வழியாகக் கிடைத்திருக்கும் முகவரியிலும் கூகுள் சேவை இருக்கிறது. ஜிமெயில், வரும் இணைப்புகளையும் போகும் இணைப்புகளையும் இரண்டு பக்கமும் சோதிக்கிறது. வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் அனுப்பவே விடாது. 'எக்ஸ்இ' போன்ற நிரல் கோப்புகளை, நல்லதோ கெட்டதோ, வாசலிலேயே மறுத்துவிடும். எனவே கைப்பேசியிலோ இணைய உலாவியிலோ ஜிமெயில் பார்க்கும் ஒருவர், 'மின்னஞ்சல் பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்யும் மென்பொருளுக்கு ஆண்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் செலவிட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஜிமெயிலில் இணைத்தால் அது கூகுள் டிரைவ் சுட்டியாக மாறிப் போகும். அங்கே 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் சோதிக்கப்படுவதில்லை. பதிவிறக்கும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டும். திருவிழாக் காணொளி, பள்ளி ஆண்டு விழாப் படத் தொகுப்பு என்று பெரிய பெரிய கோப்புகளைத்தான் நாம் அப்படி அனுப்புகிறோம்.

இரண்டாவது இடம் தேவைப்படுவது, அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு. தோட்ட அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய அலுவலக அறையில் இருக்கும் பழைய மேசைக் கணினி ஆகியவை இந்த வகை. இங்கே வைரஸ் தடுப்பு மென்பொருளின் அஞ்சல் சோதனைப் பகுதி, அஞ்சல் மென்பொருளுக்கும் சேவை நிறுவனத்துக்கும் நடுவில் இடைத்தரகர்போல் உட்கார்ந்துகொள்ளும். வருவதும் போவதும் அதன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் சில சிக்கல்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இதை இயக்கிவிட்டால் தலைவலிதான்.

இன்றைய அஞ்சல் போக்குவரத்து மறைகுறியாக்கம் செய்யப்பட்டது. நடுவில் உட்காரும் மென்பொருள் அதைப் பிரித்துப் படிக்க வேண்டுமானால், தன்னுடைய சான்றிதழ் ஒன்றைக் கணினியில் நிறுவி, "நான்தான் சேவை நிறுவனம்" என்று உங்கள் அஞ்சல் மென்பொருளை நம்பவைக்க வேண்டும். இது ஒழுங்காக அமையாவிட்டால், சான்றிதழ் பிழை என்று செய்தி வந்துகொண்டே இருக்கும், கடிதம் போகாது. அலைக்கற்றை மெதுவாக இருக்கும் தோட்டப் பகுதியில் இன்னொரு தொல்லை. ஐந்தாறு படங்களோடு ஒரு கடிதம் அனுப்பினால், மென்பொருள் அதைச் சோதித்து முடிப்பதற்குள் நேரம் கடந்து இணைப்பு அறுந்துவிடும். கடிதம் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடும். மானிய விண்ணப்பத்தின் கடைசி நாளில் இது நடந்தால், கோபத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வைரஸ் தடுப்பை மொத்தமாக அணைத்துவிடுவார்கள், மறுபடி இயக்க மறந்தும்விடுவார்கள். படங்களைச் சிறிதாக்கி அனுப்புங்கள், அல்லது வெளியே போகும் அஞ்சலின் சோதனையை மட்டும் தற்காலிகமாக நிறுத்துங்கள். முழுப் பாதுகாப்பையும் அணைக்க வேண்டாம்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியமான செய்தி. அந்த மென்பொருள் வழக்கமாக இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிக்கும். அதில் ஒரு கடிதத்தில் வைரஸ் இருப்பதாக வைரஸ் தடுப்பு மென்பொருள் கண்டுபிடித்தால், அந்த ஒரு கடிதத்தைத் தனியே எடுக்கத் தெரியாமல் முழு இன்பாக்ஸ் கோப்பையும் தனிமைப்படுத்திவிடக்கூடும், அல்லது அழித்துவிடக்கூடும். பத்து வருடக் கடிதங்கள் ஒரே நொடியில் காணாமல் போகும். ஆலய நிலக் கடிதங்களும் அதில் சேர்த்தி. தண்டர்பேர்ட் அமைப்புகளில், வரும் கடிதங்களைத் தனித்தனியாகச் சோதிக்க வைரஸ் தடுப்பு மென்பொருளை அனுமதிக்கும் ஒரு தெரிவு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். 'இன்பாக்ஸில் வைரஸ், அழிக்கவா?' என்று கேட்டால் சரி என்று அழுத்துவதற்கு முன் நிதானியுங்கள். பெட்டியின் நகல் ஒன்று வெளிவன்தட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது இடமே சாதாரண வீட்டுக் கணினிக்கு முதுகெலும்பு. விண்டோஸ் 10, 11 கணினிகளில் 'டிஃபென்டர்' இலவசமாக உடன் வருகிறது. இணைப்பைச் சேமிக்கும் நொடியிலும் திறக்கும் நொடியிலும் அது பார்க்கிறது. கடையில் மடிக்கணினி வாங்கும்போது உடன் வரும் வேறொரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு காலாவதியாகி, ஆனாலும் அகற்றப்படாமல் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். திரையோரத்தில் சிவப்பு எச்சரிக்கை மாதக்கணக்கில் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒன்று அதைப் புதுப்பியுங்கள், இல்லையேல் முழுதாக நீக்கிவிடுங்கள். நீக்கினால் டிஃபென்டர் தானே விழித்துக்கொள்ளும். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருளை ஒரே கணினியில் ஒன்றாக ஓடவிடுவதும் வேண்டாம். ஒன்றை மற்றொன்று சந்தேகிக்கும், கணினி நடக்கவே திணறும். திருட்டுப் பதிப்பு வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பற்றி என்ன சொல்வது! ஜாகா வேலைக்குத் திருடனையே வைப்பதுபோல.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. சங்கக் கணக்கு வழக்கு நடக்கும் கணினி இந்த வகையில் இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அது.

உங்கள் மென்பொருள் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'ஐகார்' என்ற அமைப்பு, தீங்கே செய்யாத 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை வைத்திருக்கிறது. அதைக் கண்டால் வைரஸ் என்று அறிவிப்பது என வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவ்வமைப்பின் அகப்பக்கத்திலிருந்து அதைப் பதிவிறக்க முயலுங்கள். மென்பொருள் சத்தம் போட்டால் நல்லது. மௌனமாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஜாகா கண்ணுக்குத் தப்புபவை

வைரஸ் தடுப்பு மென்பொருள் முதலில் செய்வது, தெரிந்த திருடர்களின் படங்களோடு ஒப்பிடுவது. அந்தப் பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டாவது, நடத்தையைப் பார்ப்பது: வேர்ட் ஆவணம் ஒன்று திறந்தவுடன் இணையத்திலிருந்து எதையோ இறக்கி ஓடவிட முயன்றால் அதைப் பிடிப்பது. இரண்டும் நல்ல முறைகள். இரண்டுக்கும் எல்லை உண்டு.

கடவுச்சொல் போட்டு மூடிய 'ஸிப்' கோப்புக்குள் வழக்கமான சோதனைகள் எட்டிப் பார்க்க முடியாது. கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புவார்கள்: "பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறோம், திறக்க இந்த எண்" என்று. உண்மையில் பூட்டியது வைரஸ் தடுப்பிலிருந்து தப்பத்தான். 2014ஆம் ஆண்டிலிருந்து பல நாடுகளை ஆட்டிவைத்த 'எமோடெட்' இந்த முறையைத் தாராளமாகப் பயன்படுத்தியது. அது இன்னொன்றும் செய்தது: பாதிக்கப்பட்ட பெட்டியில் இருந்த பழைய கடிதங்களைத் திருடி, அந்த உரையாடலுக்குப் பதில்போலவே புதிய கடிதம் அனுப்பியது. போன மாதம் நீங்கள் எழுதிய கடிதமே கீழே இருக்கும். மேலே ஒரு வரியும் ஓர் இணைப்பும். யாருக்குச் சந்தேகம் வரும்? ஐரோப்பிய போலீசார் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் கணினிகளைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்தது. தெரிந்தவரே ஆனாலும், எதிர்பாராத நேரத்தில் பூட்டிய கோப்பு வந்தால் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேர்ட், எக்ஸெல் ஆவணம் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் 'உள்ளடக்கத்தை இயக்கு' என்று வந்தால் அழுத்த வேண்டாம். இணையத்திலிருந்து வரும் ஆவணங்களில் மேக்ரோ நிரல்களை மைக்ரோசாஃப்ட் 2022ஆம் ஆண்டு முதல் தானாகவே தடுத்துவருகிறது. ஆனால் சங்கத்துக் கணினிகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய பதிப்பு.

எந்த மென்பொருளும் பிடிக்க முடியாதது, வைரஸே இல்லாத கடிதம். ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். ஆலயத் திருப்பணிக்குக் குத்தகையாளரோடு மூன்று மாதமாகக் கடிதப் போக்குவரத்து. இரண்டாவது தவணை கட்ட வேண்டிய வாரத்தில் ஒரு கடிதம்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணில் செலுத்தவும்." எழுத்துநடை அவருடையது மாதிரியே, அடியில் அவர் நிறுவன முத்திரை. அதில் இணைப்பும் இல்லை, சுட்டியும் இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைத் துப்புரவான கடிதம் என்று வழிவிடும், ஏனென்றால் அது துப்புரவான கடிதம்தான். இரண்டு பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் மோசடிக்காரன் ஏற்கெனவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான் என்பதே பெரும்பாலும் இதற்கு அர்த்தம். கணக்கு எண் மாறினால், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு அழைத்து அவர் குரலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போலீஸ் படையின் 'செமாக் மியூல்' அகப்பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கின் மீது புகார் வந்திருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது.

சில கடிதங்களின் அடியில் 'இந்த மின்னஞ்சல் வைரஸ் சோதனை செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அவாஸ்ட், ஏவிஜி போன்ற மென்பொருள்கள் வெளியே போகும் கடிதங்களில் தாமாகவே சேர்த்த விளம்பர வரி அது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துவிடலாம். அதைக் கண்டு மயங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அது போகிறதென்றால் அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள்.

நம் ஊர்களில் இப்போது அதிக ஆபத்து வருவது மின்னஞ்சலைவிடப் புலனம் வழியாக என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் 'ஏபிகே' கோப்பு வருவதைப் போலீசார் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். செயலியாக வர வேண்டிய காரணமே இல்லை. நிறுவிவிட்டால் குறுஞ்செய்திகளைப் படிக்கும், வங்கி அனுப்பும் எண்ணைத் திருடும். நம் சமூகத்தில் கல்யாணப் பத்திரிகை யாரிடமிருந்து வந்தாலும் திறந்து பார்ப்பது மரியாதை. அதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்புகிறான். காதல் கடிதம் போய்க் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, சூத்திரம் ஒன்றுதான். இங்கே வெளியே போகும் சோதனை என்பது உங்கள் விரல். குடும்பக் குழுவில் வந்ததை ஆலயக் குழுவுக்குத் தட்டிவிடும் முன் அது என்ன கோப்பு என்று பாருங்கள். வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியைக் கைப்பேசி அமைப்பில் மூடிவையுங்கள். 'பிளே புரொடெக்ட்' இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி கைப்பேசியிலும் பிள்ளைகள் இதைச் செய்துகொடுக்கலாம், இரண்டு நிமிட வேலை.

பெட்டி மாட்டிக்கொண்டால்

"நீங்கள் அனுப்பிய மெயிலைத் திறந்தேன், கணினி என்னவோ செய்கிறது" என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். கடவுச்சொல்லை அதே கணினியில் மாற்ற வேண்டாம். புதிய சொல்லும் திருடுபோகும். வேறொரு சாதனத்திலிருந்து மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

அடுத்துப் பலரும் மறக்கிற இடம்: ஜிமெயில் அமைப்புகளில் 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' பகுதிகளைத் திறந்து பாருங்கள். வருகிற கடிதமெல்லாம் தெரியாத ஒரு முகவரிக்கும் நகல் போகும்படி, அல்லது வங்கி என்ற சொல் உள்ள கடிதங்கள் குப்பைத்தொட்டிக்குப் போகும்படி விதி எழுதிவைத்திருப்பார்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். செம்பனையில் கானோடெர்மா நோய் கண்டவர்களுக்குத் தெரியும், அடிமரத்தில் காளான் முளைத்து நம் கண்ணில் படும்போது உள்ளே தண்டு பெருமளவு இற்றுப்போயிருக்கும்.

பிறகு, உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் புலனத்தில் ஒரு செய்தி போடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்கள் மின்னஞ்சலில் இருந்து வந்த இணைப்பைத் திறக்காதீர்கள், பணம் கேட்டு வந்திருந்தால் அனுப்பாதீர்கள் என்று. வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மணிநேரமும் இன்னொரு வீட்டுக் கணினி மாட்டுகிறது.

பணம் போயிருந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். அதன் பிறகு போலீஸ் புகார். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பணம் போகவில்லை, வைரஸ் மட்டும் என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவைக்குத் தெரிவிக்கலாம், எண் 1-300-88-2999. சந்தேகக் கடிதத்தை அழித்துவிடாமல் வைத்திருங்கள், அவர்கள் அதைக் கேட்பார்கள். தொலைபேசியில் பேசும்போது மலாயில் சொல்லத் தயங்கும் பெரியவர்களுக்கு, சங்கத்து இளைஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொடுத்தால் போதும்.

ஆலயக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, சங்கத்துக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளட்டும். செயலாளரின் சொந்த ஜிமெயிலில் சங்கக் கடிதங்கள் கலக்க வேண்டாம். கடவுச்சொல்லைத் தலைவரும் செயலாளரும் அறிந்திருக்கட்டும், பொறுப்பு மாறும் நாளன்றே அது மாறட்டும். மீட்பு எண்ணாக முன்னாள் செயலாளரின் கைப்பேசி இன்னமும் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். ஆலய நிலம் பற்றிய கடிதங்களை மட்டுமாவது அச்செடுத்து, அந்தப் பழைய இரும்பு அலமாரியிலும் ஒரு நகல் வையுங்கள்.